பச்சைப் பொடியும் 137 மடங்கும்

கி.பி. 1214. ஜப்பானில் காமகுரா என்கிற ஊர். நாட்டின் ராணுவத் தலைவரான ஷோகன் காலையில் எழுந்திருக்கிறார். எழுந்திருக்க முயற்சி செய்கிறார் என்பதுதான் சரி. பெயர் மினமோட்டோ நோ சனெடோமோ. வயசு இருபதைத் தாண்டி ஒன்றிரண்டுதான். கவிதை எழுதுகிற ஆசாமி. பட்டம் இவருக்கு, நிஜமான அதிகாரம் அம்மா வீட்டுக்காரர்களிடம். (சில விஷயங்கள் எல்லா தேசத்திலும் ஒன்றுதான்.) முதல் நாள் ராத்திரி விருந்து. அரிசி மது கொஞ்சம் ஜாஸ்தி. தலை இரண்டாகப் பிளக்கிறது.

பிரார்த்தனை செய்ய வந்திருந்தவர் எய்சாய் என்கிற ஜென் துறவி. எழுபதைத் தாண்டியவர். ஷோகனின் முகத்தைப் பார்த்தார். மந்திரம் போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். தன் மடத்திலிருந்து ஒரு கிண்ணம் தேநீர் வரவழைத்து, ‘நல்ல மருந்து’ என்று கொடுத்தார். கூடவே தேநீரின் பெருமை பற்றித் தான் எழுதிய புத்தகத்தையும் கொடுத்தார். (எழுத்தாளர்கள் அன்றைக்கும் அப்படித்தான்.)

இது கட்டுக்கதை இல்லை. ‘அஸுமா ககாமி’ என்கிற காமகுரா அரசின் வரலாற்றுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கிண்ணத்தில் இருந்தது, நம் டீக்கடைச் சங்கதி இல்லை. பச்சைத் தேயிலையை மாவாக அரைத்து, வெந்நீரில் அடித்துக் கலக்கிய பானம். அதன் வம்சாவளிதான் இன்றைக்கு டப்பாவில் அடைத்து, யானை விலைக்கு விற்கப்படுகிற மாச்சா.

மாச்சா என்றால் மச்சானுக்குச் சொந்தமில்லை. ஜப்பானிய மொழியில் ‘மா’ என்றால் அரைத்துப் பொடித்தது, ‘சா’ என்றால் தேயிலை. அந்த ‘சா’தான் நாகர்கோவில் பக்கம் ‘சாயா’. சீனாவில் ஒரே செடிக்கு இரண்டு உச்சரிப்பு. தரை வழியாகப் போனது ‘சா’வாகப் போயிற்று. தென்கிழக்குக் கடற்கரை ஆட்கள் ‘தே’ என்றார்கள். அதை டச்சுக்காரர்கள் கப்பலேற்றிக்கொண்டு போய் ஐரோப்பாவுக்கு ‘டீ’ ஆக்கினார்கள். நம்மிடம் தேநீரும் உண்டு, சாயாவும் உண்டு. இரண்டு வழியாகவும் வாங்கிக் குடித்திருக்கிறோம்.

★ ★ ★

இதை எழுதக் காரணம் ஒரு பையன்.

நான் குடியிருக்கிற மாடிக்குக் கீழே ஓர் ஆடிட்டர் ஆபீஸ். அங்கே சி.ஏ.வுக்குப் பயிற்சி எடுக்கிற பையன், புதுக்கோட்டைப் பக்கம். நானும் பி.காம். என்பதால் ஒரு பாசம். ஆடிட் சீசனில் ராத்திரி பதினொன்று வரை அவன் லைட் எரியும். போன மாதம் மாடிக்கு வந்தான். கையில் உள்ளங்கை அகல டப்பா.

“அண்ணே, இது முப்பது கிராம். என்ன விலை சொல்லுங்க?”

சொன்னேன்.

“அதுக்கு மூணு மடங்குண்ணே!” என்றான். குரலில் வருத்தமா, பெருமையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. “ஆனா சாதாரண கிரீன் டீயைவிட இதுல 137 மடங்கு சத்தாம். தூக்கம் வராது, தொப்பை போகும், முகம் பளபளக்கும், கான்ஸரே வராதாம்.”

ஒரு டப்பாவில் இத்தனை வேலை நடக்கிறதென்றால் நம் ஆஸ்பத்திரிகளை எல்லாம் கல்யாண மண்டபமாக மாற்றிவிடலாம். பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது லாபம் என்று சொன்னால், வவுச்சர் எங்கே என்று கேட்பான். தேடினேன். கிடைத்ததை வரவு செலவாக எழுதுகிறேன். அதற்கு முன்னால் சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

★ ★ ★

அரைத்துக் குடிக்கிற வித்தை ஜப்பானியருடையது இல்லை. சீனர்களுடையது. சோங் வம்சத்துக் காலத்தில் தேயிலையை அச்சில் அடைத்து வில்லைகளாக்கி, வேண்டும்போது இடித்து அரைத்து, கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கில் துடைப்பத்தால் நுரைக்க நுரைக்க அடிப்பார்கள். நுரை பச்சையாக இருக்கக் கூடாது, வெள்ளையாக இருக்க வேண்டும். வெள்ளை நுரை எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று கறுப்புக் கிண்ணம். யாருடைய நுரை அதிக நேரம் நிற்கிறது என்று போட்டி வேறு.

இதில் மன்னர் ஹுய்சோங் மகா நிபுணர். 1107 வாக்கில் தேநீர் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஓவியம், கையெழுத்து, தேநீர் என்று எல்லாவற்றிலும் புலி. ராஜாங்கத்தில் மட்டும் கொஞ்சம் கவனக் குறைவு. 1127-ல் வடக்கிலிருந்து வந்த ஜுர்சென்கள் தலைநகரைப் பிடித்து, அவரையும் மகனையும் கைதிகளாகக் கொண்டுபோய்விட்டார்கள். நுரை நின்றது, அரியணை நிற்கவில்லை.

அந்தக் காலத்துச் சீனாவில் படித்துவிட்டு 1191-ல் ஊர் திரும்பியவர்தான் நம் எய்சாய். தேயிலை விதையும் கொண்டுவந்தார். அதற்கு முன்பே ஜப்பானுக்குத் தேநீர் தெரியும், ஆனால் பழக்கம் ஊன்றவில்லை. எய்சாய் கொடுத்த விதையை மியோஎ என்கிற துறவி கியோட்டோவுக்கு அருகில் டோகனோ மலையில் நட்டார் என்பது மரபு. பிறகு அது பக்கத்து ஊரான உஜிக்கும் பரவியது. இன்றைக்கும் மாச்சா என்றால் முதலில் சொல்லப்படுகிற ஊர் உஜிதான்.

துறவிகள் இதைக் குடித்தது ருசிக்காக இல்லை. தியானத்தில் தூங்கி விழாமல் இருக்க. ராத்திரி பதினொன்றுக்கு லெட்ஜர் பார்க்கிறவனுக்கும், விடியற்காலை மூன்றுக்கு சூனியத்தைப் பார்க்கிறவருக்கும் பிரச்னை ஒன்றேதான்.

துறவிகளிடமிருந்து பானம் சிப்பாய்களுக்குப் போனது. போன உடனே சூதாட்டமாயிற்று! ‘டோச்சா’ என்று பெயர். கிண்ணம் கிண்ணமாக ருசி பார்த்து, எது அசல் டோகனோ தேயிலை, எது வேறு ஊர்ச் சரக்கு என்று சொல்ல வேண்டும். பந்தயப் பணம், பட்டுத்துணி, அப்புறம் மது. ஆட்டம் முற்றிப்போய், 1336-ல் புதிதாக வந்த ஆட்சி தன் சட்டத்தில், தேநீர்க் கூட்டம் என்ற பெயரில் நடக்கிற சூதாட்டத்தைக் கண்டித்து ஒரு பிரிவே எழுதியது.

இதற்குள் சீனாவில் ஒரு திருப்பம். 1391-ல் மிங் வம்சத்து முதல் மன்னர் ஹோங்வு, ‘இனிமேல் எனக்குத் தேயிலை வில்லை அனுப்ப வேண்டாம், இலையாகவே அனுப்புங்கள்’ என்று உத்தரவு போட்டார். வில்லை செய்வது ஜனங்களுக்கு வீண் உழைப்பு என்பது அவர் எண்ணம். ஏழை வீட்டில் பிறந்த மன்னர், நியாயமாகத்தான் யோசித்திருக்கிறார். இலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிப்பது பிரபலமாகி, பொடி வழக்கம் சீனாவில் மெள்ள மறைந்துபோனது. கண்டுபிடித்தவன் மறந்துவிட்டான், கற்றுக்கொண்டவன் காப்பாற்றினான்.

காப்பாற்றியவர்களில் முக்கியமானவர் சென் நோ ரிக்யூ. 1522-ல் பிறந்தவர். சகாய் துறைமுகத்து வியாபாரக் குடும்பம். (காமர்ஸ் ஆட்கள் எங்கே போனாலும் பெயர் வாங்குவார்கள்.) பகட்டான தேநீர் விருந்துகளை அவர் தலைகீழாகத் திருப்பினார். இரண்டே பாய் விரிக்கிற அளவுக்கு அறை. மண் சுவர். தவழ்ந்துதான் உள்ளே போக முடியும் என்கிற மாதிரி வாசல். எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் வாளை வெளியே வைத்துவிட்டு, தலையைக் குனிந்துதான் வரவேண்டும். கியோட்டோ பக்கத்தில் ‘டாய்-ஆன்’ என்கிற அந்த மாதிரி அறை ஒன்று இன்றைக்கும் இருக்கிறது.

அவருடைய எஜமானர் டொயொடோமி ஹிடெயோஷிக்கோ தங்கத் தகடு போர்த்திய தேநீர் அறை! கழற்றி மாட்டுகிற வசதியோடு. மண் சுவரும் தங்கச் சுவரும் எத்தனை நாள் ஒத்துப்போகும்? 1591-ல் ரிக்யூவைத் தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொண்டு சாகும்படி ஹிடெயோஷி உத்தரவிட்டார். கோயில் வாசல் மாடத்தில் ரிக்யூவின் மரச்சிலை வைக்கப்பட்டிருந்தது, அதன் காலடியில் தலைவர் நடந்துபோக வேண்டியிருந்தது என்று ஒரு காரணம் சொன்னார்கள். நிஜக் காரணம் என்ன என்று சரித்திரக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். வயது எழுபது. ஒரு கிண்ணம் டீயை எளிமையாகக் குடிக்க வேண்டும் என்று சொன்னவருக்குக் கிடைத்த சம்பளம் அது.

★ ★ ★

சரி, சரக்கு எப்படித் தயாராகிறது?

செடி நம் நீலகிரிச் செடியின் ஜாதியேதான். காமெலியா சினென்ஸிஸ். இலையைக் காயவைத்து, நசுக்கி, காற்றில் கறுக்க விட்டால் நம் டீத்தூள். கறுக்கவிடாமல் உடனே சூடு காட்டி நிறுத்தினால் கிரீன் டீ. ஜப்பானில் ஆவியில் காட்டி நிறுத்துகிறார்கள்.

மாச்சாவுக்கு இன்னொரு படி உண்டு. பறிப்பதற்கு மூன்று வாரம், சில இடங்களில் அதற்கும் மேல், தோட்டத்தையே பந்தல் போட்டு மூடிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் நாணல் தட்டியும் வைக்கோலும். இப்போது பெரும்பாலும் கறுப்பு வலை. உஜியில் இப்படி மூடுவதைப் பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானுக்கு வந்து தங்கிய போர்த்துகீசியப் பாதிரியார் ஜுவாவ் ரோட்ரிகஸ் தன் நூலில் எழுதியிருக்கிறார். பனியிலிருந்து இளந்தளிரைக் காப்பாற்றக் கட்டிய பந்தல். ருசியும் மாறியது போனஸ்.

ஏன் மாறுகிறது? செடி தன் வேரில் தியானின் என்றொரு பொருளைத் தயாரித்து இலைக்கு அனுப்புகிறது. நாக்கில் இனிப்பும் குழைவுமாக இருப்பது அதுதான். 1949-ல் ஜப்பானிய விஞ்ஞானி சகாடோ அதைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தார். இலையில் வெயில் பட்டால் இந்தத் தியானின் கேட்டகின் என்கிற துவர்ப்புப் பொருளாக மாறிவிடும். வெயிலை மறைத்தால் மாற்றம் குறையும், இனிப்பு தங்கும். இருட்டில் வெளிச்சத்துக்குத் தவிக்கிற இலை பச்சையத்தை அதிகமாகச் சேர்த்துக்கொள்ளும். அதனால்தான் அந்தக் கண்ணைப் பறிக்கிற பச்சை.

பறித்த இலையை ஆவி காட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கினால் ‘டென்ச்சா’. அதைக் கருங்கல் எந்திரத்தில் அரைத்தால் மாச்சா. நம் பாட்டிமார்கள் சுற்றிய திரிகை மாதிரியேதான், இப்போது மோட்டார் சுற்றுகிறது. வேகமாகச் சுற்றினால் கல் சூடாகி மணம் போய்விடும். எனவே ஆமை வேகம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கல் கொடுப்பது சுமார் 40 கிராம். எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு 320 கிராம். ஒரு கிண்ணத்துக்கு 2 கிராம் என்றால் 160 கிண்ணம். சுமாரான டீக்கடை மாஸ்டர் இதைக் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுவார். (மலிவுச் சரக்கைக் கல்லில் அரைப்பதில்லை. வேகமான மெஷின்கள் வந்துவிட்டன.)

நம் டீக்கும் இதற்கும் முக்கிய வித்தியாசம் ஒன்று. நாம் தூளைக் கொதிக்க வைத்துச் சாறு எடுத்துக்கொண்டு சக்கையை வடிகட்டியில் விட்டுவிடுகிறோம். மாச்சாவில் சக்கை கிடையாது. இலையையே குடித்துவிடுகிறோம். ரசம் மாதிரி இல்லை, கீரை மசியல் மாதிரி. நல்லதும் அதனால்தான், ஜாக்கிரதையும் அதனால்தான்.

★ ★ ★

இப்போது அந்த 137.

பொய் இல்லை. 2003-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் மாச்சாவில் உள்ள கேட்டகின்களை அளந்தார்கள். அதில் ஈ.ஜி.ஸி.ஜி. என்று ஒன்று. அது குறிப்பிட்ட ஒரு பிராண்ட் கிரீன் டீயிலிருந்து கிடைப்பதைப்போல 137 மடங்கு இருந்தது. ஒரு பிராண்ட். அவ்வளவுதான். அதே வாக்கியத்தில் இன்னொன்றும் எழுதினார்கள். மற்ற கிரீன் டீக்களில் அதுவரை பதிவான அதிகபட்ச அளவோடு ஒப்பிட்டால், குறைந்தது மூன்று மடங்கு.

கணக்கில் ஒரு மார்க் வாங்கியவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ‘இவனைவிட நான் 68 மடங்கு கெட்டிக்காரன்’ என்று வீட்டில் சொல்கிற மாதிரிதான் இது. மூன்று மடங்கு என்பதும் கௌரவமான மார்க். ஆனால் மூன்றை வைத்துக்கொண்டு முப்பது கிராம் டப்பாவை அந்த விலைக்கு விற்க முடியுமா? எனவே வாக்கியத்தின் முன்பாதி மட்டும் உலகம் சுற்றப் புறப்பட்டது.

இதில் நான் ரசித்த வேடிக்கை வேறு. டப்பாவில் விற்கப்படுவது கேட்டகின். ஆனால் உஜி விவசாயி மூன்று வாரம் பந்தல் போட்டு மெனக்கெடுவதே, இலையில் கேட்டகின் பெருகாமல் இருக்கத்தான்! உசத்தி ரகத்துக்குப் பெருமையே துவர்ப்பு குறைவு என்பது. அவர் ருசியை விற்கிறார். நாம் மருந்தை வாங்குகிறோம். நடுவில் உள்ளவர் லாபம் பார்க்கிறார்.

★ ★ ★

ஐந்தொகை போடலாம். முதலில் வரவுப் பக்கம்.

ஒன்று. ஜப்பானின் மியாகி மாகாணத்தில் 40,530 பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு, 2006-ல் வெளியானது. தினம் ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ கிரீன் டீ குடித்தவர்களின் இறப்பு விகிதம், தினம் ஒரு கோப்பைக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிடக் குறைவு. ஆண்களில் 12 சதவிகிதம், பெண்களில் 23 சதவிகிதம். முக்கியமாக இருதய, ரத்தக்குழாய் வியாதிகளில் வித்தியாசம் தெரிந்தது. கான்ஸர் மரணத்தில் தெரியவில்லை. கவனியுங்கள், அவர்கள் குடித்தது பெரும்பாலும் சாதாரண இலை டீ. அவர்களின் சாப்பாடும் நடையும் டீயோடு சேர்ந்து வேலை செய்திருக்கலாம்.

இரண்டு. தியானின் மனசைச் சாந்தப்படுத்துகிறது, காஃபீனோடு சேர்ந்தால் படபடப்பு இல்லாத விழிப்பு என்கிறார்கள். சிறிய ஆய்வுகளில் ஓரளவு ஆதாரம் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலும் 100, 200 மில்லி கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு கிண்ணத்தில் இருப்பது அதில் ஒரு பங்குதான்.

மூன்று. சர்க்கரை போடாமல் குடித்தால் கலோரி கிட்டத்தட்ட சைபர். மதியம் மூன்று மணிக்கு பஜ்ஜி தட்டுக்குப் பதிலாக ஒரு கிண்ணம் என்றால் தொப்பைக்கு நல்லது. பெருமை பொடிக்கு இல்லை, சாப்பிடாமல் விட்ட பஜ்ஜிக்கு.

இனி பற்றுப் பக்கம்.

எடை: ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அலசுகிற காக்ரேன் அமைப்பு 2012-ல் பார்த்தது. கிரீன் டீயினால் குறைகிற எடை மிகச் சொற்பம், கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி இல்லை என்றது. கான்ஸர்: அதே அமைப்பு 2020-ல் பார்த்தது. ஆதாரங்கள் ஒன்றுக்கொன்று முரண், உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை.

காஃபீன்: 2 கிராம் பொடியில் ஏறக்குறைய 40 முதல் 80 மில்லி கிராம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 வரை பிரச்னை இல்லை, கர்ப்பிணிகளுக்கு 200 என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்ன கணக்கு. இதில் உங்கள் காலைக் காபியும், ஆபீஸ் டீயும் சேர்த்தி. ராத்திரி பத்துக்கு ஒரு கிண்ணம் அடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று புரண்டால், பொடி ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மாத்திரை: ஜிம்முக்குப் போகிற தம்பிகள் இதைக் கவனமாகப் படிக்கவும். கொழுப்பைக் கரைக்கும் என்று கிரீன் டீ சாரத்தை மாத்திரையாக அடைத்து விற்கிறார்கள். அதே ஐரோப்பிய ஆணையம் 2018-ல் எச்சரித்தது. சப்ளிமென்ட்டாக ஒரு நாளைக்கு 800 மில்லி கிராமும் அதற்கு மேலும் ஈ.ஜி.ஸி.ஜி. உள்ளே போனால், கல்லீரல் பாதிப்பின் அடையாளங்கள் ரத்தத்தில் தெரிகின்றன என்று. கிண்ணத்தில் குடிப்பது பொதுவாகப் பத்திரம். மாத்திரையில் விழுங்குவது வேறு சமாசாரம். கண் மஞ்சளானால் சிக்ஸ்-பேக் யார் கண்ணுக்குத் தெரியும்?

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், இலையையே குடிக்கிற இந்த வழக்கத்தை டாக்டரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம். பச்சை இலையில் உள்ள வைட்டமின் கே, அந்த மருந்துக்கு எதிர்க்கட்சி.

★ ★ ★

இந்தக் கணக்கை எல்லாம் பையனிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு மெதுவாக, “எனக்கில்லைண்ணே. அம்மாவுக்கு” என்றான்.

“அம்மாவுக்கு என்ன?”

“எப்பப் பார்த்தாலும் அசதிங்கிறாங்க. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ரத்தம் கம்மின்னு மாத்திரை கொடுத்திருக்காங்க. சாப்பிட்டதும் போட்டுக்குறாங்க. முதல் ஸ்டைபெண்ட்ல அவங்களுக்கு ஏதாச்சும் நல்லதா வாங்கணும்னு...”

ரத்தம் கம்மி என்றால் இரும்புச் சத்து மாத்திரை. தேயிலையின் துவர்ப்புப் பொருள்களுக்கு இரும்பைக் கண்டால் விடாது. கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் வெளியே அழைத்துப் போய்விடும். சாப்பாட்டோடு டீ குடித்தால் காய்கறி, தானியங்களிலிருந்து கிடைக்கிற இரும்பில் பாதிக்கு மேல்கூடப் போய்விடலாம். சாதாரண டீக்கே இந்த கதி. இது இலையையே குடிக்கிற விவகாரம். பிள்ளை ஆசையாக அனுப்பினான் என்று அந்த அம்மா மாத்திரையோடு சேர்த்துத்தான் குடிப்பார். 137 மடங்கு பக்தியோடு.

“அம்மா மாத்திரை போட்டதும் என்ன குடிப்பாங்க?” என்றேன்.

“டீதாண்ணே. எங்க வீட்ல சோறு இறங்கினதும் டீ வேணும்.”

எத்தனை வீட்டில் இதே வழக்கம்! ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று வாங்கிய மாத்திரை, கையிலிருக்கிற டம்ளரிலேயே தோற்றுப்போகிறது. “முதல்ல வீட்டுக்கு போன் போடு” என்றேன். “மாத்திரைக்கும் டீக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொல்லு. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது. மாத்திரை முடிஞ்சதும் திரும்ப ரத்தம் டெஸ்ட் எடுத்தாங்களான்னு கேளு. ரத்தம் ஏன் கம்மியாச்சுன்னு டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லு. அதுக்கு எந்த டப்பாவும் பதில் சொல்லாது.”

அங்கேயே நின்று போன் போட்டான். “அம்மா, டீ இப்பக் குடிச்சியா?” என்று ஆரம்பித்தான். மறுமுனையில் நீளமாக ஏதோ வசவு. டீயில் கை வைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? பத்து நிமிஷம் வாதாடி ஜெயித்தான். டப்பாவை அவனும் அவன் அறை நண்பனும் குடிப்பது என்றும், அடுத்த மாத ஸ்டைபெண்டில் அம்மாவை ஊரிலேயே ஒரு நல்ல டாக்டரிடம் அழைத்துப் போவது என்றும் தீர்மானம் நிறைவேறியது.

★ ★ ★

இத்தனைக்குப் பிறகும் குடித்துப் பார்க்க ஆசையா? தாராளமாக. நல்ல பானம்தான். ருசிக்காகக் குடியுங்கள்.

முறை இது. 2 கிராம் பொடியை, அதாவது ஒரு சின்ன ஸ்பூன், சலித்துக்கொள்ளவும். சலிக்காவிட்டால் கட்டி தட்டும். கொதித்த வெந்நீரை இரண்டு மூன்று நிமிஷம் ஆறவிட்டு, சுமார் 80 டிகிரியில், 70 மில்லி ஊற்றவும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசக்கும். அப்புறம் துடைப்பம் மாதிரியான மூங்கில் ‘சாஸென்’னால் மணிக்கட்டை மட்டும் ஆட்டி, முன்னும் பின்னுமாக அடிக்க வேண்டும். ஒரே மூங்கில் துண்டை நூறு இழை வரை கீறிச் செய்கிற சாமான் அது. நாரா மாகாணத்தில் டகயாமா என்கிற ஊரில் சுமார் 500 வருஷமாகச் செய்கிறார்கள். இல்லாதவர்கள் மோர் கடைகிற சின்ன மத்தால் சமாளிக்கலாம். நுரை வந்ததும் குடிக்கவும். ஜப்பானில் அதற்கு முன் ஒரு இனிப்பைச் சாப்பிடுவார்கள். கசப்புக்கு முன்னால் வாயைத் தயார்ப்படுத்த.

பாலில் போடலாம், ஐஸ்க்ரீமில் போடலாம், கேக்கில் போடலாம். ஜப்பானிலேயே எல்லாம் செய்கிறார்கள். அதற்கு விலை குறைந்த சமையல் ரகம் போதும்.

வாங்கும்போது நான்கு விஷயம் பாருங்கள். நிறம் தளிர்ப் பச்சையாக இருக்க வேண்டும், மஞ்சளும் பழுப்புமாக இருந்தால் பழசு அல்லது மட்டம். ‘செரிமோனியல் கிரேடு’ என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், அதற்குச் சட்டப்படி வரையறை எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ரெடிமேட் பாக்கெட் என்றால் பின்பக்கம் திருப்பி, சேர்மானப் பட்டியலின் முதல் பெயர் என்ன என்று படியுங்கள். எடை அதிகமானதைத்தான் முதலில் போடுவார்கள். அது சர்க்கரையாக இருந்தால், நீங்கள் வாங்குவது பச்சைச் சர்க்கரை. நான்காவது, டப்பா விலையைக் கிண்ணத்தின் எண்ணிக்கையால் வகுக்கவும். முப்பது கிராமுக்குப் பதினைந்து கிண்ணம். அந்த விடையைப் பார்த்தும் தாகம் எடுத்தால் வாங்குங்கள்.

விலை ஏறுவதற்கும் காரணம் உண்டு. 2010-ல் ஜப்பானில் மாச்சா உற்பத்தி 1,471 டன். 2023-ல் 4,176 டன். ஏறக்குறைய மூன்று மடங்கு. அப்படியும் போதவில்லை. 2024 கடைசியில் கியோட்டோவின் பழைய, பெயர்பெற்ற கடைகள் சில, ஒருவருக்கு இத்தனை டப்பாதான் என்று அளவு வைத்துவிட்டன. நம் ரேஷன் கடை மாதிரி. இன்றைக்குச் செடி நட்டால் நல்ல மகசூலுக்கு நாலைந்து வருஷம் ஆகும். தோட்டக்காரர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. வீடியோவில் பச்சை நுரையைப் பார்த்து உலகம் ஒரு மாதத்தில் ஆசைப்பட்டுவிடுகிறது. செடிக்கு அந்த அவசரம் தெரியாது. கல்லுக்கும் தெரியாது. மணிக்கு நாற்பது கிராம், அதற்கு மேல் ஒரு சிட்டிகை கிடையாது.

பின்குறிப்பு: இதை எழுதி முடிக்க ராத்திரி ஒரு மணி வரை விழித்திருந்தேன். குடித்தது மூன்று கிளாஸ் சுக்குக் காபி. ஒரு மடங்குதான்.